முதுமைக்கு ஒரு கண்மாய்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பக்கத்துப் பழமொழி. பெரியபட்டினத்திலிருந்து கடற்கரையை ஒட்டி எத்திசையில் நடந்தாலும் இவ்விரு மரங்களும் நம்முடன் வருகின்றன. தென்னை ஆறேழு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பனை பலன் தருவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். தாம் உண்பதற்கு ஒரு மரமும், தம் பேரர்கள் உண்பதற்கு ஒரு மரமும் வைத்துச் சென்றார்கள் நம் முன்னோர். உழைக்கும் வலிமை கையை விட்டுப் போன பிறகு வரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு என்று நாம் எந்த மரத்தை வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்வியைச் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் இது.

அண்மையில் பரமக்குடி, எமனேசுவரம் பக்கம் சென்றிருந்தபோது நெசவாளப் பெரியவர் ஒருவரைக் கண்டேன். வயது அறுபத்தேழு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்தவர். இப்பொழுது அறுந்த இழையைப் பிணைக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. குழியிலிருந்து எழ முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அஞ்சலகத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையை இரண்டு மகள்களின் திருமணத்துக்கு இரண்டு தடவையாக எடுத்துவிட்டார். “ஐயா, சர்க்கார் பணம் இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடுமா?” என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. மருந்துக் கடைக்குப் பாக்கி இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நல்ல நாட்களில் ஊருக்கெல்லாம் உடுக்கக் கொடுத்த மனிதர் அவர்.

நம் ஊருக்கு அருகே மிளகாய் பயிரிட்டு வந்த மற்றொருவரையும் அறிவேன். அவருக்குச் சேமிப்பு நிலந்தான். மூன்று பிள்ளைகளும் கேட்டார்கள் என்று, எந்த நிபந்தனையும் இல்லாமல் அதைத் தானசெட்டில்மென்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் திருப்பூரில் கூலி வேலை. ஒருவர் வளைகுடா நாட்டில் கடனோடு மல்லுக்கட்டுகிறார். ஊரில் இருப்பவருக்கு மழை பொய்த்தால் அடுப்பு எரிவதே அரிது. பெரியவர் மாதம் ஒரு வீட்டில் உண்கிறார். தம் நிலத்து வரப்பில் நடக்கும்போது விருந்தாளிபோல் நடக்கிறார்.

இவ்விருவரும் சோம்பேறிகளா? ஊதாரிகளா? இல்லை. ஆயுள் முழுதும் உழைத்தவர்கள். அரசு ஊழியருக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒரு நாள் உண்டு. மாலை போட்டு அனுப்புவார்கள். நெசவாளிக்கும் உழவருக்கும் அப்படி ஒரு நாள் இல்லை. கை தளர்ந்த நாளே அவர்க்கு ஓய்வு நாள். அது முன்னறிவிப்பின்றி வருகிறது. ஆதலால் அதற்குத் திட்டமிட வேண்டிய அவசியம் அவர்க்கே மிகுதி.

உபகாரமா, உரிமையா?

பென்ஷன் என்பதற்கு முன்பு தமிழில் வழங்கிய சொல் உபகாரச் சம்பளம். அச்சொல்லிலேயே ஒரு கருத்து ஒளிந்திருந்தது. கொடுப்பவர் மனமுவந்து செய்யும் உபகாரம் அது என்பதே அக்கருத்து. 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், நகரா என்ற ஓய்வு பெற்ற அலுவலர் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அக்கருத்தை மறுத்தது. ஓய்வூதியம் என்பது தயவால் தரும் கொடையன்று, செய்த பணிக்கு உரிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளையே இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அத்தீர்ப்பு பேசியது அரசுப் பணியாளரைப் பற்றி. நெசவாளியும் உழவரும் பெறுவது இன்றும் ‘உதவித்தொகை’ என்றே வழங்குகிறது. நம் மாநிலத்தில் ஆதரவற்ற முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டம் 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது. அக்காலத்தில் அது முன்னோடியான முயற்சி. மத்திய அரசு 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் தேசிய முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கித் தன் பங்காக மாதம் 75 ரூபாய் தந்தது. 2006-இல் அப்பங்கு 200 ரூபாய் ஆயிற்று. எண்பது வயதுக்கு உட்பட்டவர்க்கு அதன்பின் பல்லாண்டுகளாக அதே 200 ரூபாய்தான். மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து, 2011-இல் மொத்தத் தொகையை 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது.

இவ்வெண்களை நான் குறை கூறுவதற்காக அடுக்கவில்லை. இத்தொகை இல்லாவிடில் பல ஆயிரம் வீடுகளில் முதியோர் பட்டினி கிடப்பர் என்பதை நான் நேரில் அறிந்தவன். நான் சுட்ட விரும்புவது வேறு. 2011-இல் 1,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1,200 ரூபாய். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் மருந்தும் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமா ஏறின? தொகை எப்பொழுது உயரும், எவ்வளவு உயரும் என்பது விலைவாசியைப் பொறுத்ததன்று. அந்தந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் தேர்தலையும் பொறுத்தது. அத்துடன் தகுதி உண்டா, சான்று சரியா, ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு பொருந்துகிறதா என்ற கேள்விகளும் ஆளுக்கு ஆள் எழுகின்றன.

அரசுப் பணியில் உள்ளோருக்கேனும் உறுதி உண்டா என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்திலிருந்து விலக்கப்பட்டுப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டனர். மத்திய அரசு 2004 ஜனவரியிலிருந்து அவ்வாறே செய்தது. பின்னர் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியம் என்று மூன்றாவது வழி ஒன்றையும் திறந்தது. தனியார் ஆலைத் தொழிலாளர்க்கு 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்த அளவுத் தொகை 2014-இல் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அதை உயர்த்தும்படி அவர்கள் பல ஆண்டுகள் போராடினர். பலமான சங்கங்களும் வேலை நிறுத்தம் செய்யும் வலிமையும் உள்ளவர்கள் நிலையே இது.

கடலுக்கு அப்பால் ஒரு பாடம்

நம் கரைக்கு எதிர்க்கரையில் நிகழ்ந்தது ஒன்று உண்டு. இலங்கையில் 1987-ஆம் ஆண்டு 12-ஆம் இலக்கச் சட்டத்தின்படி உழவர்க்கென்றே ஓய்வூதியத் திட்டம் ஒன்று ஏற்பட்டது. பின்னர் மீனவர்க்கும் அதுபோல் வகுத்தார்கள். ஆசியாவில் பலரும் வியந்து நோக்கிய முயற்சி அது. உழவர் தம் இளமையில் தவணை செலுத்துவர். அறுபது வயதானதும் மாதந்தோறும் ஊதியம் பெறுவர். எண்ணம் உயர்ந்தது. ஆயினும் செலுத்திய தவணை சிறியது. தவணையை இடையில் நிறுத்தியவர் பலர். வாக்களித்த தொகையோ அத்தவணையால் தாங்கத்தக்கதாக இல்லை. முதியோர் தொகை பெருகப் பெருக நிதி வற்றியது. 2012-இல் ஓய்வூதியம் கொடுப்பது நின்றது. அரசு தன் கருவூலத்திலிருந்து பணம் ஒதுக்கிய பிறகே 2014-இல் மீண்டும் தொடங்கிற்று. அந்த இடைக்காலத்தில், ஒழுங்காகத் தவணை கட்டிய உழவர் என்ன பாடு பட்டிருப்பார் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. நல்லெண்ணம் ஒன்றாலேயே ஒரு நிதி நிலைத்துவிடாது. வரவும் செலவும் கணக்கில் ஒத்துவர வேண்டும். மற்றொன்று, ஒரே கொம்பில் முழுப் பாரத்தையும் தொங்கவிடலாகாது.

இதனால் அரசின் உதவியை வேண்டாம் என்று சொல்வதா? ஒருநாளும் இல்லை. அது நாம் செலுத்தும் வரியிலிருந்து வருவது. நம் உழைப்பின் பயன். அதை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்துமாறு கேட்பது சங்கங்களின் கடமை. ஆனால் கேட்பது வேறு, அதை நம்பியே இருப்பது வேறு. நம் மாவட்டத்துக்காரர்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதே நமக்கு மழை. வானம் பெய்வது நம் கையில் இல்லை. பெய்த நீரைத் தேக்க நம் முன்னோர் கண்மாய் வெட்டினார்கள், கரை போட்டார்கள், மடை வைத்தார்கள், மராமத்துச் செய்தார்கள். அரசு உதவி வானத்து மழை. சேமிப்பு கண்மாய். கண்மாய் இல்லாத ஊரில் எவ்வளவு மழை பெய்தாலும் கடலுக்கே போய்ச் சேரும்.

கணக்கு என்ன சொல்கிறது?

நாளொன்றுக்குப் பத்து ரூபாய். மாதம் 300 ரூபாய். ஒரு தேநீரின் விலை என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று கொண்டு, முப்பது வயதில் தொடங்கி அறுபது வரை விடாமல் செலுத்தினால் நாம் போட்டது 1 இலட்சத்து 8 ஆயிரம் ரூபாய். கையில் சேர்வது ஏறத்தாழ 3 இலட்சத்து 65 ஆயிரம். அதையே நாற்பத்தைந்து வயதில் தொடங்கினால் போட்டது 54 ஆயிரம்; சேர்வது 95 ஆயிரம். பாதிக் காலம் தாமதித்தவருக்குப் பாதித் தொகை அன்று, நாலில் ஒரு பங்கே கிடைக்கிறது. வட்டிக்கு வட்டி என்பது கடன்பட்டவரை எப்படி அரிக்கிறதோ அப்படியே சேமித்தவரை வளர்க்கிறது. கந்து வட்டியின் கொடுமையை நன்கு அறிந்த நாம் அதே வட்டியை நமக்கு ஊழியம் செய்ய வைக்கக் கற்கவில்லை.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் விலை இரட்டிக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 1,000 ரூபாய் இன்றைய 174 ரூபாய் வாங்குவதையே வாங்கும். ஆகவே இன்று மாதம் 300 என்று தொடங்கியவர் என்றும் 300-லேயே நின்றுவிடலாகாது. கூலி உயரும்போதெல்லாம், மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த ஆண்டிலெல்லாம், சேமிப்பையும் அதே விகிதத்தில் உயர்த்த வேண்டும். கண்மாயில் வண்டல் படியப் படியத் தூர் வாருவதைப் போன்றது இது.

கைக்கு எட்டும் வழிகள்

கூட்டுறவுச் சங்கத்தில் நெய்யும் கைத்தறி நெசவாளர்க்கு நம் மாநிலத்தில் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் உண்டு. உறுப்பினர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்தம் செய்யப்படும். அரசு 4 காசு சேர்க்கும். அறுபது வயதில் ஓய்வூதியம் பெறுவதற்கும் இத்திட்டத்தில் சேர்ந்திருப்பதே வழி. நாம் ஒரு ரூபாய் போட்டால் அரசு அரை ரூபாய் போடும் இடம் வேறெங்கே கிடைக்கும்? எனினும், பிடித்தம் போகக் கையில் கிடைப்பது குறையும் என்று எண்ணி, சங்கத்துக்கு வெளியே தனியாரிடம் பாவு வாங்கி நெய்பவர்கள் உண்டு. அன்றைய கூலியில் எட்டுக் காசு மிச்சம் பிடித்தவர் முதுமையில் பன்னிரண்டு காசையும் அதன் வட்டியையும் இழக்கிறார்.

சிறு, குறு உழவர்க்கு 2019 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர், பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குள் சேர வேண்டும். சேரும் வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை செலுத்த வேண்டும். அரசும் அதே அளவு செலுத்தும். அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாய். உழவர்க்கு ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாய் உதவியிலிருந்தே இதைச் செலுத்தவும் வகை செய்திருக்கிறார்கள். மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத அமைப்புசாராத் தொழிலாளர்க்கும் அதே ஆண்டில் இதே அளவில் ஒரு திட்டம் வந்தது. உறுப்பினர் இறந்தால் கணவர் அல்லது மனைவிக்குப் பாதித் தொகை தொடரும்.

2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் வருமான வரி செலுத்தாத எவரும் பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குள் சேரலாம். அறுபது வயதில் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நாம் தேர்ந்த தொகை உறுதி. 5,000 ரூபாய் பெறுவதற்குப் பதினெட்டு வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், நாற்பதில் சேர்பவர் 1,454 ரூபாயும் செலுத்த வேண்டும். தாமதத்தின் விலை என்ன என்பதை இவ்விரண்டு எண்களும் காட்டும். உறுப்பினருக்குப் பின் அதே தொகை கணவருக்கோ மனைவிக்கோ கிடைக்கும். இருவருக்கும் பின் திரண்ட நிதி வாரிசுக்குச் சேரும். ஆயினும் அந்த 5,000 ரூபாய், முப்பது ஆண்டு கழித்து இன்றைய 870 ரூபாயின் வேலையையே செய்யக்கூடும் என்பதை முன் கண்ட கணக்கிலிருந்து அறியலாம். ஆகவே இத்திட்டங்கள் கண்மாயின் ஒரு கரை மட்டுமே. மற்றக் கரைகளை அஞ்சலகச் சேமிப்பு, வங்கி வைப்பு, காய்க்கும் தென்னை, சொந்த வீடு ஆகியவற்றால் நாம் எழுப்ப வேண்டும்.

நாற்பதைக் கடந்தவர் மனம் தளர வேண்டாம். பதினைந்து ஆண்டுப் பொதுச் சேமநிதியும், மாதத் தவணை வைப்பும் அவர்க்குத் திறந்தே உள்ளன. அறுபது கடந்து, நிலம் விற்றோ வெளிநாட்டு உழைப்பாலோ ஒரு தொகை கையில் வைத்திருப்போர்க்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். நம் கரையோர ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் இதைச் சிறப்பாகக் கருத வேண்டும். அங்கே பணி முடிவில் ஒரு தொகை தருவார்களேயன்றி அயல்நாட்டவர்க்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஊர் திரும்பியதும் அத்தொகை முழுதும் மாடி வீடாக மாறிவிட்டால், அம்மாடியில் அமர்ந்துகொண்டு பசியோடு கடலைப் பார்க்க வேண்டியதுதான். கூடுதல் வட்டி தருவதாக ஆசை காட்டும் நிதி நிறுவனங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் யார் எங்கே இழந்தார் என்பது எல்லார்க்கும் தெரியும்.

மறுப்புரைகளும் விடையும்

“கடனிலேயே வாழ்பவன் எதைச் சேமிப்பான்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்றாடச் சோற்றுக்கே வழியில்லாதவரைச் சேமிக்கச் சொல்வது கொடுமை. அவரைத் தாங்குவது அரசின் கடமை, ஊரின் கடமை. ஆனால் நம் உறுப்பினரில் பெரும்பாலோர் அந்நிலையில் இல்லை. நம்மிடம் இருப்பது ஏற்ற இறக்கமான வருமானம். அதற்கு நம் அண்டை வீட்டாராகிய மீனவர்களே நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். மீன்பிடி இல்லாத மாதங்களுக்கென்று அவர்கள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக 1,500 ரூபாய் செலுத்த, மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் இக்கரையில் நடந்து வருகிறது. நாளைக்கு வலையில் என்ன விழும் என்று அறியாத தொழிலாளி மாதந்தோறும் சேமிக்க முடியுமானால், பாவு ஏற்றித் தறியில் அமர்பவரும், தென்னந்தோப்பு வைத்திருப்பவரும் முடியாது என்பது பொருந்தாது.

“பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்பது அடுத்த மறுப்பு. பார்த்துக்கொள்ளட்டும், அது நம் பண்பாடு. பெற்றோரிடம் சொந்தமாகச் சிறு தொகை இருந்தால் பிள்ளைகளின் அன்பு குறைந்துவிடுமா? பேரனுக்குப் பெருநாளிலோ பொங்கலிலோ பத்து ரூபாய் கொடுக்க முடிந்த பாட்டனின் முகத்தைப் பாருங்கள். அதில் ஒரு நிமிர்வு இருக்கும். பிள்ளைகளுக்குப் பாரமாக இராமல் இருப்பதும் பிள்ளைகளுக்கு நாம் தரும் சீதனமே.

நிலம் எழுதிக் கொடுப்போர்க்கு ஒரு சொல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பின் பராமரிப்புக் கிடைக்காவிடில், அப்பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுவது நலம். அதனினும் நலம், உயிருள்ளவரை ஒரு பகுதியையேனும் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வது. நான் முன்னே சொன்ன மிளகாய் விவசாயி இந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்திருந்தால் இன்று வரப்பில் உரிமையோடு நடந்திருப்பார்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

இது வரை உறுப்பினருக்குச் சொன்னேன். இனிச் சங்கத்துக்குச் சொல்கிறேன். பல்லாண்டுகள் சங்கப் பொறுப்பில் இருந்த என்னையும் சேர்த்தே சொல்கிறேன். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் சிக்கனத்தை வளர்ப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக முன்வைத்தது. நாமோ கடன் வழங்குவதையே பெரும்பணியாகக் கொண்டோம். எத்தனை இலட்சம் கடன் கொடுத்தோம் என்று ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சிட்டோம். எத்தனை உறுப்பினர்க்கு முதுமைச் சேமிப்பு இருக்கிறது என்று ஒரு வரி எழுதினோமா? நான் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் எழுதவில்லை. அக்குறையை ஒப்புக்கொண்டே மேற்செல்கிறேன்.

அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் பின்வருவனவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு ஒவ்வொரு சங்கத்தையும் வேண்டுகிறேன்.

முதலாவது, கூலியும் விளைபொருள் விலையும் வழங்கும் நாளிலேயே, உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் சம்மதத்தின்படி, நூற்றுக்கு ஐந்து ரூபாயேனும் முதுமைச் சேமிப்பாகப் பிடித்தம் செய்ய வேண்டும். கைக்கு வந்த பிறகு சேமிப்பது கடினம். வருமுன் பிரிப்பது எளிது.

இரண்டாவது, அவ்வாறு பிடித்த தொகையைச் சங்கத்தின் கடன் வழங்கும் நிதியோடு கலக்கக் கூடாது. அது உறுப்பினரின் சொந்தப் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போய்ச் சேர வேண்டும். இதைச் சொல்வதால் சங்க நண்பர்கள் சிலர் என்னைக் கோபிக்கக்கூடும். உண்மையை மறைப்பதற்கில்லை. வங்கி வைப்புகளுக்கும், கூட்டுறவு வங்கிகளின் வைப்புகளுக்கும் 2020 பிப்ரவரி முதல் 5 இலட்சம் ரூபாய் வரை வைப்பீட்டுக் காப்பீடு உண்டு; தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் வைக்கும் பணத்துக்கு அக்காப்பீடு பொருந்தாது. சங்கத்தை நேசிப்பவன் நான். ஆயினும் ஒரு விதவையின் கடைசிச் சேமிப்பை வைத்து அந்நேசத்தைச் சோதித்துப் பார்க்க நான் உடன்பட மாட்டேன்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள் ‘கணக்குப் பார்க்கும் நாள்’ என்று குறித்து, ஒவ்வோர் உறுப்பினரின் வாரிசு நியமனம், பிறந்த தேதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு, திட்டத் தவணை ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலுவலகங்களுக்கு நடக்கும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். அறுபதில் திருத்துவதைக் காட்டிலும் நாற்பதில் திருத்துவது எளிது.

நான்காவது, பெண்களின் பெயரில் தனிக் கணக்கு. தறிக்கு நூல் சுற்றுபவரும், மிளகாய் பறித்து உலர்த்துபவரும் பெண்களே. கூலிப் புத்தகத்தில் மட்டும் ஆண் பெயர். கணவர் மறைந்த மறுநாள் அவர் யாருடைய கணக்கிலும் இல்லாதவராகிவிடுகிறார்.

ஐந்தாவது, முதியோர் உதவித்தொகையை விலைவாசிப் புள்ளியோடு இணைத்து உயர்த்துமாறும், மத்திய அரசின் பங்கைக் காலத்துக்கேற்ப மாற்றுமாறும் கோரும் மனுவை மாவட்டத்துச் சங்கங்கள் அனைத்தும் ஒன்று சேர்ந்து அனுப்ப வேண்டும். தனி ஒருவர் கேட்டால் விண்ணப்பம். ஆயிரம் உறுப்பினர் கேட்டால் கோரிக்கை.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது இம்மாவட்டத்தார் மறக்க இயலாத நிகழ்ச்சி. ஒரே இரவில் ரயிலும் வீடும் கடையும் போயின. அத்தகைய பெருங்கேட்டை எந்தச் சேமிப்பும் தடுக்காது. ஆனால் முதுமை புயலன்று. அது வரும் என்பது உறுதி. ஏறத்தாழ எப்பொழுது வரும் என்பதும் தெரியும். தெரிந்து வரும் ஒன்றுக்கு ஆயத்தம் செய்யாதிருந்தால் அதற்கு வானத்தையோ அரசையோ மட்டும் பழிக்க முடியாது.

எமனேசுவரத்துப் பெரியவருக்கு அந்த மாதப் பணம் பன்னிரண்டாம் தேதி வந்து சேர்ந்ததாகப் பின்னர் அறிந்தேன். மருந்துக் கடைப் பாக்கி தீர்ந்தது; அடுத்த மாதத்துக்கான பாக்கி அன்றே தொடங்கியது. அவர் மகன் இப்பொழுது அதே தறியில் அமர்ந்திருக்கிறார், வயது முப்பத்தொன்று. சங்கச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்துவிட்டாயா தம்பி என்று கேட்டேன். வரும் மாதம் பார்க்கலாம் ஐயா என்றார். நம் சங்கத்தின் எழுத்தர் இந்த வாரமே படிவத்தை எடுத்துக்கொண்டு அத்தம்பியின் தறியடிக்குச் செல்ல வேண்டும். அவரைப் போன்றவர் நம் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கிறார்.